தாளிக்காத கஞ்சி

அத்தையின் அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி உண்டு. அந்த ஆணியில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். பழைய வேட்டியிலிருந்து நீளவாக்கில் கிழித்து, ஓரத்தை மடித்துக் கையால் தைத்த துணி. புகை பட்டுப் பழுப்பேறிவிடும். அவள் அதைத் துவைத்துத் துவைத்து மறுபடியும் அங்கேயே மாட்டுவாள். கரித்துணி என்று நினைத்து யாராவது எடுக்கப் போனால் போதும், "அதத் தொடாத, அது வாய்த்துணி" என்று தகரக் கூரை அதிரக் கத்துவாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஒரு சாவு விழுந்தால், அத்தை அந்தத் துணியால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு செத்த வீட்டுக்குக் கஞ்சி வைக்க உட்காருவாள். பானை அவள் வாசற்படியைத் தாண்டிப் போகிற வரைக்கும் துணியை அவிழ்க்க மாட்டாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அந்தத் துணியும் அதற்கு மேலே தெரிந்த அவளுடைய இரண்டு கண்களும் பிற்பாடு ஒரு சமையல் பத்திரிகையின் முதல் இதழுக்கு அட்டைப்படமாகிவிட்டன. அந்த அட்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. தேயிலைக் கொழுந்து பறித்தே இடுப்பு ஒடிந்தவள். கொழுந்து வெட்ட மெஷினும் வெளிநாட்டு ஆட்களும் வந்த பிறகு, சனி ஞாயிறுகளில் தோட்டத்து வளைவில் ஒரு மேசையைப் போட்டுப் பருப்பு வடை சுட்டு விற்றாள். மேல் லயத்தில் என் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி அவள் வீடு. வாயென்றால் அப்படி ஒரு வாய். காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பிப்பாள். தண்ணீர் வராததற்கு மேனேஜரைத் திட்டுவாள், மழை நிற்காததற்குச் சாமியைத் திட்டுவாள், சும்மா போகிற நாயையும் நிறுத்தி வைத்துத் திட்டுவாள். "லயத்துல யாராச்சும் செத்தாத்தான் நம்ம காதுக்கு லீவு" என்று என் வீட்டுக்காரர் அவள் முகத்துக்கு நேராகவே சொல்வார். "நீ போறப்ப ரெண்டு நாள் லீவு குடுக்குறேன்லா மாப்ள" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

கல்யாணமான சில வருஷங்களிலேயே மாமா போய்விட்டார். பிள்ளையும் இல்லை. எங்கள் சனம் அப்படிப்பட்டவளை எங்கே நிறுத்தும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் அவள் அடுப்படிக்குப் பின்னால் பாத்திரம் கழுவுவாள். வளைகாப்புக்குக் கூப்பிடுவார்கள், ஆனால் வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றும்போது தானாகவே நாலடி பின்னால் போய் நின்றுகொள்வாள். யாரும் போகச் சொன்னதில்லை, யாரும் வரச் சொன்னதுமில்லை. ஆனால் சாவு வீட்டில் அவள்தான் முதல் ஆள். ஓர் உயிர் போனதும் இரண்டு ஆண்கள் கோயிலுக்குப் போய், பெரிய ஈயக் குண்டானை எடுத்து வந்து அத்தையின் வாசலில் வைப்பார்கள். வாயால் எதுவும் கேட்க மாட்டார்கள். குண்டான் வந்து இறங்கினால் அதுதான் அழைப்பு. அந்தக் குண்டானைப் பார்த்ததும் அத்தையின் முதுகு நிமிர்வதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இந்தத் தோட்டத்தில் அவளுக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

செத்த வீட்டில் அடக்கம் முடிகிற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது. இடுகாட்டிலிருந்து வந்து குளித்த பிறகு, எல்லாரும் முதலில் குடிப்பது இந்தக் கஞ்சியைத்தான். அரிசி, பாசிப்பயறு, வேலியில் படர்ந்திருக்கும் சௌசௌ கொடியின் இளங்கொழுந்து, உப்பு. அவ்வளவுதான். மஞ்சள் போட மாட்டார்கள், அது நல்ல காரியத்துக்கு உரியது. தாளிக்கவும் மாட்டார்கள். கடுகு வெடிக்கிற சத்தமும் கறிவேப்பிலை வாசமும் செத்த வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் லயத்துப் பழக்கம். வைக்கிறவள் உப்புக்கூட ருசி பார்க்கக் கூடாது. வெளிறிப் போய் மொழுமொழுவென்று இருக்கும். "இது வயித்துக்கு, நாக்குக்கு இல்ல" என்பாள் அத்தை. "ருசியா இருந்தா இன்னொரு வாட்டி கேக்கத் தோணும். இத யாரும் இன்னொரு வாட்டி கேக்கக் கூடாது, புள்ள."

பத்திரிகை ஆரம்பித்தவன் எங்கள் தோட்டத்துப் பழைய கிராணியாரின் மகன். அவனை 'அவன்' என்றுதான் எழுதப் போகிறேன். என்னைவிடச் சின்னவன், தவிர அதற்கு மேல் மரியாதை கொடுக்க எனக்கு மனமில்லை. ஆபீஸ் கணக்கு பார்த்த கிராணியாரின் வீடு மேட்டில், தனியாக, பூச்செடிகளோடு இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் லயத்துக்கு விளையாட வருவதில்லை. நாங்கள் எது கொடுத்தாலும் அந்த அம்மா வாங்கி வைத்துக்கொள்வார், பிள்ளைகள் வாயில் போக விட மாட்டார். லயத்தில் சாவு என்றால் கிராணியார் வருவார், மாலை போடுவார், வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். கஞ்சிக்கு ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மகன் பிற்பாடு ஈப்போவில் மேடை ஏறி, "நான் லயத்துச் சோத்துல வளந்தவன்" என்று மைக்கில் பேசினான். எந்த லயம், யார் வீட்டுச் சோறு என்று எழுந்து கேட்டிருப்பேன். வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

அவன் ஈப்போவில் விளம்பர வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நகரத்தில் நம் ஆட்களுக்கென்று தமிழில் ஒரு சமையல் பத்திரிகை, பளபளவென்று வண்ணத்தில், ஒவ்வோர் இதழிலும் ஓர் ஊரின் சாப்பாடு என்பது அவன் திட்டம். முதல் இதழுக்குப் பிறந்த மலையிலிருந்தே தொடங்கலாம் என்று காரை எடுத்துக்கொண்டு வந்தான். வளைவில் அத்தையிடம் வடை வாங்கித் தின்றான். வடையோடு சேர்த்து அவளுடைய பேச்சையும் கேட்டிருப்பான். "உங்க சமையல படம் புடிச்சுப் போடணும் பாட்டி" என்றான். "பாட்டின்னு கூப்புட்டா வடை கிடையாது" என்றாளாம் அத்தை. உடனே அத்தையாகிவிட்டாள். அடுத்த வாரப் புதன்கிழமை வருகிறோம், என்ன சமைப்பீர்கள் என்று கேட்டதற்கு, கோழிப் பெரட்டல் என்று சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு ஒரு பத்து நாள் லயத்தில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை. கம்போங் ராஜா டவுனுக்குப் போய் ஊதா நிறத்தில் ஒரு சேலை எடுத்தாள். சட்டியை எந்தப் பக்கம் பார்த்து வைத்தால் படத்தில் நன்றாக விழும் என்று என்னை நிற்க வைத்துப் பார்த்தாள். "புக்குல என் பேரு வரும், எங்கப்பா பேரும் வரும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. நல்ல காரியம் ஒன்றில் முன்னால் நிற்கப் போகிறோம் என்ற ஆசை அவளுக்கு எவ்வளவு நாளாக உள்ளே கிடந்ததோ, யாருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி கீழ் லயத்தில் காய்கறி லோரி ஓட்டுகிற அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தக் கலவரத்தில் புதன்கிழமை விருந்தாளிகளை ஒருவருக்கும் நினைவில்லை. விடிந்ததும் நான் மாலைக்கும் சாமானுக்கும் கோலா தெர்லா பக்கம் போய்விட்டேன். ஆண்கள் குழி வெட்டப் போயிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் கீழ் லயத்தில் இருந்தார்கள். மேல் லயம் காலி. மழை வேறு, மூடுபனி வேறு, கீழே அழுகிற சத்தம்கூட மேலே கேட்காது. அத்தை மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு குண்டானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கிராணியார் மகனும், படம் எடுக்கிற ஒருவரும், ஒரு பெண்ணும் மேல் ரோட்டிலிருந்து நேரே அவள் வீட்டுக்கு வந்து இறங்கியது அப்போதுதான்.

நடந்ததை அன்று சாயங்காலம் அத்தையே சொன்னாள். அவள் கீழே கையைக் காட்டியிருக்கிறாள். அவன் அங்கே பார்த்துவிட்டு, பனியில் தேயிலை அழகாக இருக்கிறது என்று அதைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறான். போய்விட்டு வாருங்கள் என்கிற மாதிரி கும்பிட்டிருக்கிறாள். அவனும் திரும்பக் கும்பிட்டிருக்கிறான். வாய்த்துணியைப் பார்த்து, "சுத்தம் பாருங்க, மாஸ்க்கெல்லாம் போட்டு சமைக்கிறாங்க" என்று அந்தப் பெண் மெச்சியிருக்கிறாள். கோழி எங்கே என்று கேட்டதற்கு அத்தை தலையை ஆட்ட, "இதுதான் ஒரிஜினல், இதையே எடுப்போம்" என்று அவன் முடிவு செய்துவிட்டான். ஒரு கிண்ணத்தில் மோந்து ஜன்னலோரம் வைத்து, வெளியே தேயிலை தெரிகிற மாதிரி படம் எடுத்தார்கள். அத்தை அவன் கையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். "கூச்சப்படாதீங்க அத்த" என்று சிரித்திருக்கிறான். பனி இன்னும் அடர்வதற்குள் மலையை விட்டு இறங்க வேண்டும் என்று, குண்டான் தூக்க ஆள் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

"பேசுனா கஞ்சி தீட்டாயிரும், அங்க செத்தவனுக்கு அது சேராது. பேசாட்டி இவனுக்கு வெளங்கல. நான் என்னதான் புள்ள செய்வேன்?" என்று கேட்டாள் அத்தை. நாளெல்லாம் வாய் ஓயாத மனுஷி, பேச வேண்டிய ஒரே நேரத்தில் பேச முடியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கிராணியார் வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தத் துணி என்னவென்று தெரியாது. லயத்துப் பிள்ளையாக இருந்தால், அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, யார் போனது என்று கீழே ஓடியிருக்கும்.

அடக்கம் முடிந்த மறுநாளே நான் அவனுக்குப் போன் போட்டேன். "தம்பி, நீங்க எடுத்தது சாவு வீட்டுச் சமையல். அதப் போடாதீங்க. இன்னொரு நாள் வாங்க, அத்த கோழி சமைச்சுத் தருவாங்க" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். "அப்படியாக்கா? சரி, கவலப்படாதீங்க, நான் பாத்துக்குறேன்லா" என்றான். நானும் நம்பினேன். அத்தையும் நம்பினாள். கோழி சமைக்க எப்போது வருவார்கள் என்று வாரா வாரம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் வரவில்லை. சில மாதங்கள் கழித்து வெளியீட்டு விழாவுக்கு அழைப்புதான் வந்தது. சிறப்பு விருந்தினர் என்று அத்தையின் பெயர் போட்டிருந்தது. கோழி இல்லாமல் போனால் போகட்டும், வடையையாவது போட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு ஊதாச் சேலையை எடுத்துத் தேய்த்தாள்.

ஒரு வேன் அனுப்பியிருந்தான். மேல் லயமும் கீழ் லயமும் சேர்ந்து ஏறினோம். சாவு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, வருஷம் திரும்பாமல் அவர்கள் வர மாட்டார்கள். சிம்பாங் பூலாய் ரோட்டில் இறங்குகிற வரை அத்தை வாய் மூடவில்லை. டிரைவருக்கு வளைவு எப்படித் திருப்புவது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தாள். ஈப்போவில் பெரிய ஹோட்டல். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள். எங்களை முன் வரிசைக்குப் பின்னாலேயே உட்கார வைத்தார்கள்.

முதலில் அத்தையைத்தான் மேடைக்குக் கூப்பிட்டான். குத்துவிளக்கு ஏற்ற மெழுகுவர்த்தியை அவள் கையில் கொடுத்தான். அத்தை திரும்பி எங்களைப் பார்த்தாள். நாலடி பின்னால் போகக் கால் எடுத்தவளை, அவன் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினான். ஏற்றினாள். ஒரு திரியும் அணையவில்லை. அப்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கிராணியார் மகனை நான் மனதார வாழ்த்தியது அந்த ஒரு நிமிஷம்தான்.

அடுத்த நிமிஷம் மேடைக்குப் பின்னாலிருந்த பட்டுத் திரையை இழுத்தார்கள். சுவர் உயரத்துக்கு அட்டைப்படம். வாய்த்துணி கட்டிய அத்தை. முன்னால் கோயில் குண்டான், அதில் கரண்டி. மேலே பத்திரிகையின் பெயர். அதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. கீழே 'மலையின் மௌன அன்னை'. மண்டபம் முழுக்கக் கைதட்டியது. எங்கள் வரிசையில் ஒரு கைகூட எழும்பவில்லை. எங்களுக்கு அது அத்தையின் படம் இல்லை. கீழ் லயத்து அண்ணனைக் குழியில் இறக்கிவிட்டு வந்து, நாங்கள் அழுதுகொண்டே குடித்த கஞ்சியின் படம். விளக்கு ஏற்றி, சந்தனம் பூசி, அதற்கு முன்னால் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர், "இது என்ன அநியாயம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அத்தோடு விட்டிருந்தாலும் போகட்டும் என்றிருப்பேன். வெள்ளைத் தொப்பி வைத்த ஹோட்டல் சமையல்காரர் ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு மேடைக்கு வந்தார். 'எஸ்டேட் கீரைக்கஞ்சி' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மஞ்சள் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, கடுகும் மிளகாயும் தாளித்து மேலே கொட்டியிருந்தார்கள். வாசம் எங்கள் வரிசை வரைக்கும் வந்தது. கிராணியார் மகன் ஒரு கரண்டி எடுத்து, கேமராவைப் பார்த்துக்கொண்டே, அத்தையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அத்தை பின்னால் சாய்ந்தாள். கூட்டம் கைதட்டியது. அவன் இன்னும் கிட்டே கொண்டுபோனான். அவள் வாயைத் திறந்தாள்.

வேன் திரும்பி மலை ஏறும்போது யாரும் பேசவில்லை. அத்தை மட்டும் ஒரு தடவை, "மேடையில வச்சு ஊட்டுறான். துப்பவா முடியும்?" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். ஆளுக்கொரு பையில் ஒரு புத்தகம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். லயத்தில் இறங்குவதற்குள் பாதிப் பேர் அதை வேனிலேயே விட்டுவிட்டார்கள். ஆனாலும் ஒன்று கீழ் லயத்துக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் லோரிக்கார அண்ணனின் மனைவி, நாங்கள் கீழ் லயத்து அக்கா என்று கூப்பிடுகிறவர், அந்தப் புத்தகத்தோடு அத்தையின் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"என் புருசனுக்கு வச்ச கஞ்சி மதினி இது. வெளக்கேத்தி வச்சுத் தின்னுட்டு வந்தீங்களாமே" என்றார்.

அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். கை காட்டியதை, கும்பிட்டதை, தள்ளியதை, நான் போன் போட்டதை. நானும் கூட நின்று சாட்சி சொன்னேன். அந்த அக்கா கேட்டுக்கொண்டார். "வாய்த்துணி கட்டியிருந்தப்ப பேச முடியாது, சரி. மேடையில துணி இல்லயே" என்று சொல்லிவிட்டுப் போனார். நூறு பேர் கைதட்டுகிற இடத்தில், வாழ்நாளில் முதல் தடவை விளக்கேற்றிய கையோடு நிற்கிற ஒருத்தி எப்படி வேண்டாம் என்று சொல்வாள் என்று எனக்குப் புரிகிறது. கணவரைக் குழியில் போட்டவருக்கு அது புரிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்க முடியாது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. நியாயமே இல்லாதவன் ஈப்போவில் மாலையைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருப்பான்.

நான் சும்மா விடவில்லை. பஸ் ஏறி அவன் ஆபீசுக்கே போனேன். "நான் சொன்னேனா இல்லையா தம்பி?" என்று கேட்டேன். காபி வரவழைத்தான். "கேவலப்படுத்தலக்கா, கொண்டாடியிருக்கோம்" என்றான். அதெல்லாம் நம்பிக்கைதானே, காலம் மாறிவிட்டதே என்றான். அப்புறம் உள்ளேயிருந்த உண்மை தானாக வெளியே வந்தது. "சாவுக் கஞ்சின்னு போட்டா யாருக்கா வாங்குவா?" ஆக, நான் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. தெரிந்துதான் செய்திருக்கிறான். காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். கோபத்தில் எனக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை. இன்றைக்கு நிறைய வருகிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தப் பத்திரிகை சில இதழ்களோடு படுத்துவிட்டது. அவன் இப்போது வேறேதோ வியாபாரம் செய்கிறான் என்று கேள்வி.

அடுத்த சாவு மேல் லயத்திலேயே விழுந்தது. வயதான மனுஷர், எதிர்பார்த்ததுதான். சேதி கேட்டதும் அத்தை குளித்துவிட்டு வந்தாள். அரிசி களைந்தாள், வேலியில் சௌசௌ கொழுந்து கிள்ளினாள். அடுப்பை மூட்டி, வாய்த்துணியைக் கட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். குண்டான் வரவில்லை. வாசல் வழியாக ஆட்கள் போனார்கள், வந்தார்கள், அவளைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மத்தியானம் கம்போங் ராஜா கடையிலிருந்து ஒரு வேன் வந்தது. சோற்றுப் பொட்டலங்களை அடுக்கடுக்காக இறக்கினார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்து நான் வந்தபோது அடுப்பு அணைந்து கிடந்தது. துணி வாயிலேயே இருந்தது. கஞ்சி வாசலைத் தாண்டினால்தானே அவிழ்க்கலாம்? நான்தான் முடிச்சை அவிழ்த்தேன். உதட்டோரத்தில் துணி அழுத்திய தடம் சிவந்திருந்தது. "தண்ணி குடு புள்ள" என்றாள்.

அதன் பிறகு லயத்தில் எத்தனையோ சாவுகள் விழுந்தன. எல்லாவற்றுக்கும் பொட்டலம்தான். வசதியாக இருக்கிறது என்று எல்லாருக்கும் பழகிவிட்டது. அத்தையை யாரும் தள்ளி வைக்கவில்லை, வடை வாங்கினார்கள், பேசினார்கள். பேசுவதை அவள்தான் குறைத்துக்கொண்டாள். காலையில் தண்ணீர் வராவிட்டால் வாளியை எடுத்துக்கொண்டு பேசாமல் நடந்தாள். நாய்கள் பயமில்லாமல் அவள் வாசலில் படுத்தன. ஊதாச் சேலையை என்னிடம் கொடுத்துவிட்டாள். "என் பேர இனிமே யாரும் எங்கயும் எழுத வேணாம்" என்று ஒரு தடவை சொன்னாள். அதனால்தான் நானும் இதில் அவள் பெயரை எழுதவில்லை. துணியை மட்டும் மாதம் ஒரு தடவை துவைத்து ஆணியில் மாட்டினாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

போன மாதம் அத்தை போய்விட்டாள். இரண்டு நாள் காய்ச்சல்தான். தாடையைச் சேர்த்துக் கட்ட ஒரு வெள்ளைத் துணி கேட்டார்கள். ஆணியில் தொங்கியதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தத் துணியோடுதான் அவளைக் கொண்டுபோனார்கள். சாப்பாட்டுக்கு வழக்கம்போலக் கடையில் சொல்லிவிடலாம் என்றிருந்தபோது, கீழ் லயத்து அக்கா ஆள் அனுப்பினார். "மதினிக்குப் பொட்டலம் வேணாம். எங்க வீட்லேர்ந்து கஞ்சி வருது" என்று சொல்லச் சொல்லியிருந்தார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து, கோயில் குண்டான் அவளுக்காக அடுப்பேறுகிறது.

அந்த அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. கஞ்சி வைக்கும் வழியும் அத்தையைத் தவிர யாருக்கும் சரியாகத் தெரியாது. எல்லாரும் குடித்தவர்கள்தானே தவிர, வைத்தவர்கள் இல்லை. அந்த அக்காவின் மருமகள்தான் வைத்தாள். தைப்பிங் பக்கத்துப் பெண், இங்கே வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, பழைய கதை எதுவும் தெரியாது. தங்கமான பெண். இடுகாட்டிலிருந்து வந்தவர்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்தபோது, அவள் குண்டானைத் திறந்தாள்.

மஞ்சளாக இருந்தது. மேலே தேங்காய்ப்பால் மினுமினுத்தது. கடுகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் மிதந்தன. அத்தை படுத்திருந்த அந்தச் சின்ன வீடு முழுக்கத் தாளித்த வாசம் நிறைந்தது.

"போன்ல தேடி எடுத்தேன்க்கா" என்று அந்தப் பெண் என் பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "பழைய புக்கு ஒண்ணு, இப்ப புக்கு வர்றதில்லயாம், ரெசிபி மட்டும் இருக்கு. எஸ்டேட் கீரைக்கஞ்சி. பாத்தா உங்க அத்த படம்லா போட்ருக்கு. அவங்க கஞ்சியவே அவங்களுக்கு வச்சுட்டேன்." போனை எடுத்துக் காட்டினாள். வாய்த்துணிக்கு மேலே அத்தையின் கண்கள் என்னைப் பார்த்தன.

நான் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன். நல்ல மனசோடு செய்து கொண்டுவந்த பெண்ணிடம் என்ன சொல்ல? விஷயம் தெரிந்த பெரியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் அடுப்புக்குப் பின்னால் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. சுவரில் துணி தொங்கிய இடம் வெளிறித் தெரிந்தது.

கஞ்சி சுடச்சுட, காரமாக, ருசியாக இருந்தது. பிள்ளைகள் வழித்துக் குடித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது, குளிருக்கு இதமாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கீழ் லயத்து அக்கா கிண்ணத்தை மருமகள் இருக்கிற பக்கம் தடவி நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிண்ணத்தை நீட்டினார்கள்.